நெருப்பில் குளிரும் பெட்டி

அந்தப் பெட்டியில் சத்தமே இல்லை. எனக்கு அதில் முதலில் பிடித்தது அதுதான். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்ற ஃப்ரிட்ஜ் இரவும் பகலும் உறுமும். உறுமி ஓய்ந்து, ஒருமுறை உடம்பைச் சிலிர்த்து, திரும்பவும் உறுமும். போக மனமில்லாத விருந்தாளி கூடத்தில் இருந்து இருமுவதுபோல. இதுவோ வாயே திறக்காது. இது இருந்த வீட்டு வண்டியின் வெளிச்சுவரில் ஒரு சின்னத் தகரக் கதவு. அதைத் திறந்து குனிந்து பார்த்தால் நகத்தளவு நீலச் சுவாலை ஒன்று அசையாமல் நின்று எரியும். அந்த நெருப்புத்தான் உள்ளே பாலைக் குளிரவைக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? நான் உடனே நம்பினேன். அந்த வயதில் எனக்கு இப்படியான தலைகீழ்களில் ஒரு கிறுக்கு இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் கூரியர் வான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் இருந்தால் கால் குறுகுறுக்கும் எனக்கு அது தோதான வேலை. ஒருநாள் கர்க்லாண்டில் பொதி ஒன்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு வீட்டு முற்றத்தில் மழையில் நனைந்தபடி நின்றது அந்த வீட்டு வண்டி. கட்டில், அடுப்பு, மேசை, கழிவறை எல்லாம் ஒரு லொறியின் முதுகில். விற்பனைக்கு என்று பிரெஞ்சில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். எனக்கும் வயதாகிவிட்டது, அதற்கும் வயதாகிவிட்டது, இருவரில் ஒருவராவது ஓட வேண்டும் என்று சிரித்தார் அதன் சொந்தக்காரக் கிழவர்.

அவர் இயந்திரத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஃப்ரிட்ஜைப் பற்றித்தான் பேசினார். உள்ளே அமோனியாவும் தண்ணீரும் கலந்த ஒரு கரைசல், கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன், மோட்டார் கிடையாது. அடியில் எரியும் வாயு அடுப்பு கரைசலைக் கொதிக்கவைக்க, அமோனியா மட்டும் ஆவியாகிக் குழாய்க்குள் ஏறும். உச்சியில் காற்றுப் பட்டுத் திரவமாகும். திரவமாகிச் சொட்டுச் சொட்டாக இறங்கி, பெட்டியின் முதுகில் மறுபடி ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பிறகு தண்ணீரோடு சேர்ந்து, குழாய்வழியே வழிந்து, புறப்பட்ட இடத்துக்கே வரும். ஏற்றுவது நெருப்பு, இறக்குவது பூமி. தள்ளிவிட யாரும் இல்லை. அதனால்தான் வண்டி நிற்கும் இடம் மட்டமாக இருக்க வேண்டும். சரிந்து நின்றால் வழிய வேண்டியது வழியாது, வளைவில் தேங்கிவிடும். தேங்கினால் நெருப்புத் தன்பாட்டுக்கு எரியும், குளிர் மட்டும் வராது. ஓடும்போது பயமில்லை, குலுங்குவதால் கலந்துகொண்டே இருக்கும். நிற்கும்போதுதான் கவனம். "நிவோ, முசியே, நிவோ," என்று உள்ளங்கையைக் கிடையாக நீட்டிக் காட்டினார். மேசன்மார் சுவரில் வைத்துப் பார்க்கும் நீர்மட்டம், விரல் நீளத்தில் ஒன்று, ஃப்ரிட்ஜின் தட்டிலேயே ஒட்டியிருந்தது. பின்பக்க ஸ்பிறிங்குகள் களைத்துப்போனதால் வண்டி எப்போதும் சற்றே பின்னுக்குத் தாழ்ந்து நிற்கும், அதை மறந்துவிடாதே என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் மனைவிக்குக் கைகளால் விளக்கினேன். நெருப்பு எப்படிக் குளிராகும் என்று கேட்பாள் என நினைத்தேன். அவள் கேட்கவில்லை.

"ஊசி போட முதல் ஸ்பிரிட் தடவினா அந்த இடம் குளிருதல்லோ. அது மாதிரித்தானே?" என்றாள்.

அதேதான். நான் ஒரு பின்னேரம் முழுக்க விளங்கிக்கொண்டதை அவளுடைய தோல் வருடக்கணக்காக அறிந்து வைத்திருந்தது.

அவளுக்குப் பள்ளிக்கூட நாட்களிலிருந்தே சீனி வருத்தம். இன்சுலின் இல்லாமல் முடியாது. மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் அந்தக் குப்பிகளை ஈரமணல் சட்டிக்குள் புதைத்துக் காப்பாற்றியவள். அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை. ஆனால் மொன்றியலுக்கு வந்து, தனக்கென்று ஒரு ஃப்ரிட்ஜ் கிடைத்த பிறகு, அதை விட்டு ஓர் இரவு கூட வெளியே தங்கமாட்டாள். தொரொன்ரோவில் ஒரு கலியாணத்துக்குப் போனபோது, உறவினர் வீட்டு ஃப்ரிட்ஜில் யாரோ சோடாப் போத்தலுக்கு இடம் தேடி இவளுடைய மருந்தைப் பனிப்பெட்டிக்குள் தள்ளிவிட்டார்கள். உறைந்த இன்சுலின் மருந்தில்லை, வெறும் தண்ணீர். கலியாண வீட்டுக்காரர் விடியற்காலையில் மருந்துக்கடை தேடி ஓடினார்கள். எல்லோரும் நல்ல மனிதர்கள். எல்லோரும் அவளைச் சுற்றி நின்று பாவம் பாவம் என்றார்கள். அந்தப் 'பாவம்' அவளுக்குச் சீனியைவிடப் பொல்லாதது. அதன்பிறகு எங்கேயும் வரமாட்டாள். நான் வரைபடங்களை விரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைப்பேன்.

"என்ர மருந்து என்ர பெட்டிக்குள்ள, என்ர கைக்கெட்டினபடி இருந்தா நான் வாறன்," என்றாள் இப்போது. "முதல் உது குளிரட்டும். பாப்பம்."

குளிர்ந்தது. எங்கள் தெருவில் நிறுத்தி, வீதி கழுவும் நாட்களில் எதிர்ப்பக்கம் மாற்றி மாற்றி விட்டு, கோடைத் தொடக்கம் முழுக்கப் பரீட்சித்தோம். தண்ணீர்க் கோப்பைக்குள் ஒரு வெப்பமானியை நிறுத்தி, அதன் கண்ணாடியில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டாள். இரசம் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறக் கூடாது. வேலைக்குப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை போய்ப் பார்ப்பாள். ஏறவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷன் தோசைக்கல்லைப் போலத் தட்டையான இடம். சரிவென்றால் என்னவென்று அந்தத் தெரு எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

"சரி, ஆறு கடலாகிற இடம் மட்டும் போவம்," என்றாள். "பெட்டி பிழை விட்டா அடுத்த நாளே வீட்டை. பேந்து என்னைக் கேக்கப்படாது. ஒருக்காலும்."

மனைவியின் அம்மா, என் மாமியும் வந்தார். மகள் ஸ்பொன்சர் செய்து அந்த வசந்தத்தில்தான் கனடாவுக்கு வந்திருந்தார். வந்த முதல் நாளே எங்கள் வீட்டுக் கட்டில்களைப் பார்த்து, "வடக்கு எந்தப் பக்கம், தம்பி?" என்று கேட்டவர். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது. அதில் மாமியிடம் சமரசம் கிடையாது. நான் மொன்றியல்காரர்கள் எல்லோரும் சொல்வதைச் சொன்னேன்: ஆறு இருக்கும் பக்கம் தெற்கு, அதற்கு எதிர்ப்பக்கம் வடக்கு. பஸ்காரரும் அப்படித்தான் சொல்வார், தெருப் பலகையும் அப்படித்தான் சொல்லும். அன்றே கட்டில்கள் திரும்பின. வண்டி வாங்கியதும், "லொறியெண்டாலும் வீடு வீடுதானே," என்று சொல்லி, பின்கட்டிலின் தலைமாட்டில், வண்டியின் கடைசிச் சுவரில், ஒரு பிள்ளையார் படத்தைப் பசை போட்டு ஒட்டினார். அந்தக் கட்டில் அவருக்கும் மகளுக்கும்; ஓட்டும் இருக்கைக்கு மேலிருந்த பரண் எனக்கு.

ஆடி மாதம். கியூபெக்கின் கட்டுமானத் தொழிலாளர் எல்லோருக்கும் ஒன்றாக விடுமுறை விடுகிற கிழமைகள். பாதி மாகாணம் கூடாரமும் கையுமாக வீதியில் நிற்கும். பாலத்தைக் கடந்து, ஆற்றுக்குச் சமாந்தரமாக, நாள் முழுக்க ஓடினோம். மழை தூறிக்கொண்டே வந்தது. பெற்றோல் நிலையத்துக்கு முன்னால் சுவாலையை அணைப்பதும் தாண்டியதும் மூட்டுவதும் என் வேலை. கோட்டுக்குக் கீழே இரசம் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. முறுக்கு டின்னைத் திறப்பதும் மூடுவதும் மாமியின் வேலை.

ஆற்றங்கரை முகாமில் கடைசியாக ஒரேயொரு இடம் மிச்சமிருந்தது. புல்தரை, தண்ணீரை நோக்கி மெல்ல இறங்கியது. வண்டியின் மூக்கை ஆற்றுப் பக்கம் விட்டு நிறுத்தினேன். தாழ்ந்திருந்த பின்பக்கமும் இறங்கும் தரையும் ஒன்றையொன்று ஈடுகட்ட, நீர்மட்டத்தின் குமிழி நடுக்கோட்டில் வந்து நின்றது. இப்படி ஒரு பொருத்தம் தானாக அமைவதைப் பார்த்தால் எனக்குப் பாட வரும். நல்ல வேளையாகப் பாடவில்லை.

"தம்பி, ஆறு முன்னுக்கெல்லோ கிடக்கு," என்றார் மாமி, கட்டிலில் இருந்தபடி.

"ஓம் மாமி. கண்ணாடியால பாத்தா தண்ணி. வடிவில்லையே?"

"வடிவு இருக்கட்டும். ஆறு தெற்கெண்டா எங்கட தலைமாடு எது?"

வானம் ஈரக் கம்பளிபோல் தொங்கியது. சூரியன் இருக்கிற இடமே தெரியவில்லை. நான் கணக்குப் பார்த்தேன். ஆறு தெற்கு; எதிர்ப்பக்கம் வடக்கு; தலைமாடு வடக்கு.

"தலகாணியை மற்றப் பக்கம் போடுங்கோ, முடிஞ்சுது," என்றேன்.

"அப்ப கால் ஆருக்கு நேர வருகுது?"

பிள்ளையாருக்கு நேரே வந்தது.

"படத்தைக் கழட்டி..."

"ஒட்டியாச்சு. கிழிக்கப் போறீங்களோ?"

மனைவி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ரெண்டு பேரும் குறுக்கால படுங்கோவன்," என்றேன். குறுக்கே படுத்தால் மாமியின் கால் கட்டிலுக்கு வெளியே தொங்கும். சின்ன ஆள் இல்லை அவர். "நீங்கள் பரணில எப்பிடிக் கிடந்தாலும் கேக்கமாட்டன், தம்பி. அது உங்கட தலை. இது என்ர பிள்ளையின்ர தலை. வருத்தக்காறப் பிள்ளை." அந்தக் கடைசிச் சொல்லோடு மகளின் சிரிப்பும் நின்றது.

வண்டியைத் திருப்பினேன். இப்போது மூக்கு மேட்டுப் பக்கம், பின்பக்கம் ஆற்றுப் பக்கம். தாழ்ந்த பின்பக்கம் தாழ்ந்த தரையில் இறங்கியது. என்னிடம் இருந்த பலகைகளைப் பின் சில்லுகளுக்குக் கீழே கொடுத்துப் பார்த்தேன். குமிழி ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது, கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரி.

"பரவாயில்லையோ?" என்று கேட்டாள் மனைவி.

"கொஞ்சச் சரிவுதானே. ஒரு ராத்திரி தாங்கும்," என்றேன். அப்படித்தான் நினைத்தேன்.

காலையில் இரசம் நகப்பூச்சுக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. மத்தியானம் கோட்டைத் தாண்டியது. வெண்ணெய் கரைந்து தாளில் எண்ணெய் படர்ந்திருந்தது. வெளியே போய்க் கதவைத் திறந்து குனிந்தேன். சுவாலை ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. தன் வேலையைத் தான் செய்கிறேன் என்ற முகத்தோடு. கொதிக்கவைக்க வேண்டியது எங்கோ ஒரு வளைவில் தேங்கிக் கிடக்க, அது வெறும் குழாயைச் சுட்டுக்கொண்டிருந்தது. இடத்தை மாற்றித் தரச் சொல்லி முகாம்காரரிடம் கேட்டேன். விடுமுறை முடியும்வரை ஓர் அங்குலம் கூட இல்லை என்றார். தெப்பனர் என்று சொல்கிற சில்லறைக் கடைக்கு நடந்துபோய் ஐஸ் மூட்டையும் அதை வைக்க ஓர் ஐஸ் பெட்டியும் வாங்கி வந்தேன். அவள் மருந்துக் குப்பிகளைத் துவாயில் சுற்றி, ஐஸில் படாமல், ஐஸை விட்டு விலகாமல், ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறப்பாள், துவாயைத் தொட்டுப் பார்ப்பாள், சுற்றை மாற்றுவாள். உறையவும் கூடாது, சுடவும் கூடாது. மழை விட்டு, எல்லாக் கூடாரத்துப் பிள்ளைகளும் தண்ணீருக்கு ஓடினார்கள். இவளுக்கு ஆறு எந்தப் பக்கம் என்பதே மறந்திருந்தது.

"நீங்கள் போய்க் காலை நனைச்சிட்டு வாங்கோ. நான் பாக்கிறன்," என்றேன்.

"வேண்டாம்."

"ஐஸ் இருக்குத்தானே. நாளைக்கும் வாங்கலாம்."

"ஐஸைக் காவல் காக்கிறதுக்கு வீட்டிலயே இருக்கலாமே." கோபம் இல்லாமல்தான் சொன்னாள். "விடியப் போவம். சொன்னனான்தானே."

சொன்னாள்தான். பேந்து கேட்கக் கூடாது என்றும் சொன்னாள். அந்த 'ஒருக்காலும்' என்ற சொல் மேசையில் எங்கள் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே இருந்தது. அவள் தோற்றுப்போனவளைப்போல் இருக்கவில்லை. முன்னமே தெரிந்த ஒன்று திரும்பவும் மெய்யாகிவிட்ட ஆளைப்போல் இருந்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை. உடுப்புகளை மடிக்கத் தொடங்கினேன்.

பின்னேரம் மேகம் கிழிந்தது. மாமி வெளியே மடக்குக் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் குரல்.

"தம்பி! இஞ்ச ஓடி வாங்கோ. சூரியன் தெற்கில விழப்போகுது."

போனேன். தண்ணீருக்கு மேலே, ஆற்றின் மறுகரை நீல மலைகளுக்கு நேரே, பழுத்துச் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. முகாமே கரையில் கூடி நின்று அதைப் பார்த்தது. மாமி மட்டும் என்னைப் பார்த்தார்.

"ஆறு தெற்கெண்டு ஆர் சொன்னது?"

"நான்தான் மாமி. ஆனா கனடாவில சில இடங்களில..."

"ஏன், கனடாவில சூரியனும் லீவெடுத்து வேற பாதையால போகுமோ? கதை விடாதேங்கோ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாலம். முந்தைய நாள் காலையில், முறுக்குச் சத்தத்துக்கு நடுவே, பாலத்தைக் கடந்து ஆற்றின் மற்றக் கரைக்கு வந்திருந்தோம். மொன்றியலில் எங்களுக்குத் தெற்கே ஓடிய ஆறு இங்கே எங்களுக்கு மறுபக்கத்தில் ஓடியது. நாங்கள் இடம் மாறிவிட்டோம், எங்கள் தெற்கை மட்டும் வீட்டிலிருந்து கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

மாமி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஒரு கையைச் சூரியனுக்கு நீட்டினார், மறு கையை மேட்டுப் பக்கம் நீட்டினார். இரண்டு கையும் விரித்து நின்றபடி சொன்னார்: "இது மேற்கு. அப்ப அது கிழக்கு. ஐயோ தம்பி, முதல் விட்ட மாதிரி விட்டிருந்தா தலை கிழக்கையெல்லோ! அதைப் போல நல்ல திசை உண்டே? உதைக் குழப்பிப்போட்டு நிக்கிறீங்களே!"

"நானோ குழப்பினது?"

"பின்ன நானே? நான் கேள்விதானே கேட்டனான்."

வரைபடத்தின்படி அது அவ்வளவு நேரான கிழக்கு இல்லை, தென்கிழக்குக்குச் சாய்ந்த ஒன்று. நீர்மட்டமும் மாமியும் ஒருமித்த அந்த அருமையான நிமிடத்தைச் சில பாகைகளால் கெடுக்க நான் என்ன மடையனா?

மனைவி வாசலில் நின்று சிரித்தாள். இந்தமுறை முகத்தைத் திருப்பவில்லை. சிரித்துச் சிரித்து இருமினாள். "அம்மா, அப்ப வீட்டில கட்டில்?" என்று கேட்டாள். மாமியின் கை இறங்கியது. "அதை வீட்டை போய்ப் பாப்பம்," என்றார். இனி எந்த ஊரிலும் திசையை என்னிடம் கேட்பதில்லை என்று முடிவெடுத்த குரல் அது.

வண்டியைத் திரும்பவும் மூக்கு ஆற்றுக்கு விட்டேன். மாமி முன்னே நின்று கைகாட்டினார், விமானத்தை இறக்குவதுபோல. உள்ளே எட்டிப் பார்த்தேன். குமிழி நடுக்கோட்டுக்கு வந்து நின்றது. ஆனால் அந்தப் பெட்டி அவசரப்படாது. மின்சார ஃப்ரிட்ஜ் ஒரு மணி நேரத்தில் செய்வதை இது ஓர் இரவெடுத்துச் செய்யும். தேங்கியது வழிய வேண்டும், வழிந்தது கொதிக்க வேண்டும், கொதித்தது ஏறி இறங்க வேண்டும். சுடுபட்ட குழாய்க்குள் ஏதாவது கெட்டுப்போயிருந்தால் அதுவும் இல்லை. ஒன்றும் செய்வதற்கில்லை. என்னைப்போல ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவனுக்கு அது பெரிய தண்டனை.

காலையில் எனக்கு முன்னமே அவள் எழும்பியிருந்தாள். ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்து, குனிந்து, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பரணில் கிடந்தபடி அவளுடைய முதுகைப் பார்த்தேன். முதுகிலிருந்து எதையும் வாசிக்க முடியவில்லை.

"எப்பிடி?" என்றேன்.

"கோட்டுக்கு வரேல்லை இன்னும்." இன்னும் கிட்டக் குனிந்து, "இறங்குது. ராத்திரியைவிட நல்லா இறங்கியிருக்கு."

"உடுப்பு மடிச்சிருக்கு. போறதெண்டா போவம்."

அவள் கேத்தலை அடுப்பில் வைத்தாள். தேநீர் குடித்தோம். மாமி நன்றாகத் தூங்கினதாகவும், அது கிழக்கின் மகிமை என்றும் சொன்னார். அவள் திரும்பவும் போய்ப் பார்த்தாள். அரைமணி கழித்து இன்னொருமுறை. பிறகு ஐஸ் பெட்டியைத் திறந்து, துவாயைப் பிரித்து, குப்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். மிச்ச ஐஸ் தண்ணீரைப் புல்லில் ஊற்றினாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது.

கடல் கலக்கிற இடமல்லவா, வற்று நேரம். ஆறு வெகுதூரத்துக்குப் பின்வாங்கி, சேறும் கடற்பாசியும் சின்னச் சின்னக் குட்டைகளுமாக ஒரு பெரிய வெளி திறந்துகிடந்தது. அவள் செருப்பைக் கழற்றி வண்டியின் படியில் விட்டாள்.

"நானும் வாறன்," என்று எழும்பினேன்.

"இருங்கோ. நான் மட்டும் போட்டு வாறன்."

வீட்டு மாடிப்படியைத் தவிர அவள் தனியாக எங்கேயும் இறங்கிப் போனதை நான் அதுவரை பார்த்ததில்லை. வேலைக்குப் போவது வேறு. அது நேரத்துக்குக் கட்டுப்பட்ட போக்கு. பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் கால் புதையப் புதைய நடந்தாள். முதல் குட்டையில் குனிந்து எதையோ பார்த்தாள். அடுத்ததில் நின்றாள். பிறகு நிற்கவில்லை.

"எங்க இவள் போறாள்?" என்று மாமி கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார். "கூப்பிடுங்கோ தம்பி."

நான் கூப்பிடவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பாசி மணமும் ஈரக்காற்றுமாக அந்த வெளி நீண்டுகொண்டே போனது. அவள் அதன் நடுவில் ஒரு பெருவிரல் அளவாக, பிறகு ஒரு நகம் அளவாக, தண்ணீர் தொடங்குகிற இடம் எங்கே என்று பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள்.